பிழையை மறைக்காத பிரதி

பழைய சி.டி.யில் இருக்கும் பாட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் சாஃப்ட்வேர்கள் ஏராளம். சரியாக மாற்றினோமா என்பதை ஒளிக்காமல் சொல்பவை சிலவே.

1982 அக்டோபரில் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் முதல் சி.டி. பிளேயர் கடைக்கு வந்தபோது கூடவே ஒரு வாக்குறுதியும் வந்தது. துல்லியமான ஒலி, அதுவும் காலாகாலத்துக்கும். கிராமபோன் தட்டு தேயும், கேசட் டேப் சிக்கும். ஊசியே தொடாத இந்த வெள்ளித் தட்டுக்கு மட்டும் எதுவும் ஆகாது என்று உலகம் நம்பியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. தட்டுகள் இன்னும் பீரோக்களில் இருக்கின்றன. அவற்றில் சில பாட மறுக்கின்றன. சில நடுவில் திக்குகின்றன. மற்றவை நன்றாகவே இருக்கின்றன, ஆனால் போட்டுக் கேட்கக் கருவி இல்லை. புதிய லேப்டாப்களில் சி.டி. டிரைவ் அநேகமாக மறைந்தே விட்டது.

எல்லாப் பாட்டும்தான் இன்டர்நெட்டில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். பிரபலமானவை கிடைக்கின்றன. ஆனால் சபாக் கச்சேரிகளின் பதிவுகள், சிறு கம்பெனிகள் வெளியிட்ட பக்திப் பாடல்கள், ஒரே ஒரு முறை அச்சாகி நின்றுபோன திரைப்பட ஆல்பங்கள் என்று இன்னும் அங்கே வந்து சேராதவையும் உண்டு. வந்து சேர்ந்த சிலவும், பிற்காலத்தில் ஒலியளவைத் தூக்கி மறுபடி தயாரித்த பதிப்புகள். அசல் வேண்டுமென்றால் தட்டுதான் கதி.

எனவே தட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை நடக்கிறது. இதற்கு ரிப்பிங் என்று பெயர். பார்ப்பதற்குச் சுலபம். தட்டைப் போட்டு, ஒரு பொத்தானை அமுக்கினால், பத்து நிமிடத்தில் பாட்டுகள் வரிசையாக வந்து உட்காரும். திருப்தியோடு தட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம், பழைய பேப்பர்காரரிடம் போட்டும் விடலாம். இரண்டு வருடம் கழித்து, மூன்றாவது பாட்டின் சரணத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்போதுதான் பிரச்னை புரியும். அசல் அதற்குள் போயே போயிருக்கும்.

டிரைவ் செய்யும் ஊகம்

சி.டி.யில் இருப்பது வெறும் எண்கள். ஒரு விநாடி இசை, ஒவ்வொரு சேனலுக்கும் 44,100 மாதிரிகளாக எழுதப்பட்டிருக்கிறது. எண்களைப் பார்த்து எழுதுவதில் பிழை எப்படி வரும்? கடிதமோ கணக்கோ உள்ள ஒரு ஃபைலை சி.டி.யிலிருந்து காப்பி செய்தால், ஒன்று முழுதாக வருகிறது, அல்லது படிக்க முடியவில்லை என்று கம்ப்யூட்டர் கைவிரித்துவிடுகிறது. பாட்டு மட்டும் ஏன் அரைகுறையாக வந்துவிட்டு, முழுதாக வந்ததுபோல் நடிக்கிறது?

விடை, சி.டி. பிறந்த விதத்தில் இருக்கிறது. ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து இதை வடிவமைத்தபோது கம்ப்யூட்டர் அவர்கள் மனதில் இல்லை. வரவேற்பறை ஸ்டீரியோதான் இருந்தது. கீறல் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் ரீட், சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித வல்லுநர்கள் 1960ல் வெளியிட்ட பிழைத் திருத்த முறையைப் பயன்படுத்தினார்கள். ஒரு கணத்தின் இசையை ஒரே இடத்தில் எழுதாமல் தட்டில் சிதறடித்து எழுதி, கூடவே சரிபார்க்கும் எண்களையும் சேர்த்தார்கள். சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்துபோனாலும், மீதி இருப்பதை வைத்து முழுதாக மீட்டுவிடலாம்.

சேதம் அதற்கு மேல் போனால்? அப்போது பிளேயர் ஊகம் செய்கிறது. தொலைந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து, நடுவில் ஒன்றைப் போட்டு நிரப்புகிறது. அதுவும் முடியாவிட்டால் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஒலியை நிறுத்திவிடுகிறது. வரவேற்பறையில் பாட்டுக் கேட்பவருக்கு இது உபகாரம். கம்ப்யூட்டரில் நிரந்தரப் பிரதி எடுப்பவருக்கு இதுவே அபகாரம். ஊகம் செய்த எண் அசல் எண்ணின் வேடத்தில் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கம்ப்யூட்டர் தகவல்களுக்கான சி.டி.யில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் 2,352 பைட்டுகள் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 2,048 மட்டுமே தகவல். மீதி, முகவரிக்கும் கூடுதல் பிழைத் திருத்தத்துக்கும் ஒதுக்கப்பட்டது. பாட்டு சி.டி.யில் 2,352ம் பாட்டுக்கே போய்விடுகிறது. காவல் ஒரு அடுக்கு குறைவு.

முகவரிப் பிரச்னையும் உண்டு. பாட்டு சி.டி.யில் ‘இந்த இடத்திலிருந்து படி’ என்று டிரைவிடம் சொன்னால், அது சற்று முன்னே பின்னே தொடங்கும். ஒவ்வொரு மாடலும் ஒரு நிலையான அளவுக்குத் தள்ளிப் படிக்கிறது. சிலவற்றுக்கு இது 6 மாதிரிகள், சிலவற்றுக்கு 667. பிந்தையதும்கூட ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்குக்கு மேல் இல்லை; காதுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பிரதிகளை எண்ணுக்கு எண் ஒப்பிட வேண்டுமென்றால், இந்த நகர்வைச் சரிசெய்யாமல் முடியாது.

டோர்ட்மண்ட் மாணவரின் எரிச்சல்

1990களின் ரிப்பிங் சாஃப்ட்வேர்கள் டிரைவ் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டன. கீறல் விழுந்த தட்டில் சத்தம் வந்தால் அது தட்டின் தலைவிதி. இதில் எரிச்சலடைந்தவர் ஜெர்மனியில் டோர்ட்மண்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஆண்ட்ரே வீட்டாஃப். 1998ல் தாமே ஒரு சாஃப்ட்வேரை எழுதி வெளியிட்டார். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்று பெயர். உலகம் சுருக்கமாக ஈ.ஏ.சி. என்கிறது. விலை இல்லை. பிடித்திருந்தால் ஒரு தபால் அட்டை அனுப்புங்கள் என்பதுதான் ஆரம்ப காலத்தில் அவர் கேட்ட கட்டணம்.

அவர் கையாண்ட முறை, சாட்சியை இரண்டு முறை விசாரிக்கும் வக்கீலின் முறை. ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு தடவை படி. இரண்டும் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி மறுபடி படி. பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று பார். மோசமான இடத்தை 82 முறை வரை ஈ.ஏ.சி. படிக்கிறது. அதன் பிறகும் உடன்பாடு வராவிட்டால், பாட்டின் எந்த நிமிடத்தில், எந்த விநாடியில் சந்தேகம் என்று அறிக்கையில் எழுதிவிடுகிறது. அதன் பெருமையே இதில்தான் இருக்கிறது. எல்லாக் கீறலையும் அது வெல்வதில்லை. தோற்ற இடத்தைச் சொல்லிவிடுகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில், பின்னாளில் ஆக் வோர்பிஸ் ஒலி வடிவத்தை உருவாக்கிய அமெரிக்கர் கிறிஸ்டோஃபர் மான்ட்கோமரி, லினக்ஸுக்காக ‘சிடிபாரனாய்யா’வை எழுதினார். எதையும் நம்பாத சந்தேகப் பேர்வழி என்று பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் சாஃப்ட்வேர் இது. ஒரு பகுதியின் வாலும் அடுத்த பகுதியின் தலையும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படித்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்துப் பார்த்துத் தைக்கிறது.

ஆனால் இரண்டு முறை விசாரிப்பதிலும் ஓட்டை உண்டு. பல டிரைவ்கள் சற்றுமுன் படித்ததைத் தங்கள் சொந்த நினைவகத்தில் வைத்திருக்கும். இரண்டாம் முறை கேட்டால் தட்டைப் பார்க்காமலே அதையே ஒப்பிக்கும். ஈ.ஏ.சி. இதைத் தெரிந்துகொண்டு, நடுவில் வேறொரு இடத்தைப் படிக்கச் சொல்லி டிரைவின் நினைவைக் கலைக்கிறது. சிடிபாரனாய்யாவின் பழைய பதிப்புகள் பெரிய நினைவகம் கொண்ட டிரைவ்களிடம் ஏமாந்தன. இன்னொரு ஓட்டையை எந்தத் தந்திரத்தாலும் அடைக்க முடியாது. ஒரே டிரைவ், ஒரே கீறலில், ஒவ்வொரு முறையும் ஒரே தவறைச் செய்யலாம். பொய்யே ஆனாலும் மாறாமல் சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணை என்ன செய்யும்?

ஊர் சாட்சி

இதற்கு விடை கண்டது, டிபிபவர்ஆம்ப் என்ற சாஃப்ட்வேரை விற்கும் இல்லஸ்ட்ரேட் நிறுவனம். அதன் அக்யூரேட்ரிப் தகவல் வங்கியின் யோசனை எளிமையானது. நீங்கள் எடுத்த பாட்டின் எண்கள் அனைத்தையும் ஒரு கணக்கில் போட்டு 32 பிட் சோதனை எண் ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது. அதே தட்டை உலகில் வேறு யாராவது வேறு டிரைவில் எடுத்திருந்தால், அவர்களுடைய சோதனை எண் தகவல் வங்கியில் இருக்கும். இரண்டும் ஒன்றானால் பிரதி சரி. வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு கீறல்களோடு இருக்கும் இரண்டு தட்டுகள் தற்செயலாக ஒரே தவறைச் செய்ய வாய்ப்பு சுமார் 430 கோடியில் ஒன்று. நகர்வைச் சரிசெய்ய வேண்டிய அவசியம் இங்கேதான் வருகிறது. இரண்டு டிரைவ்களும் ஒரே புள்ளியில் தொடங்கினால்தான் சோதனை எண்கள் ஒத்துப்போகும்.

கியூடூல்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரின் தகவல் வங்கி இன்னும் ஒரு படி மேலே போகிறது. சோதனை எண்ணோடு, திருத்துவதற்கான தகவலையும் அது சேர்த்து வைத்திருக்கிறது. சிறிய சேதம் இருந்தால் பிறருடைய நல்ல தட்டின் துணையால் உங்கள் பிரதியைச் செப்பனிடலாம். 1960ன் ரீட், சாலமன் கணக்கு இங்கும் கைகொடுக்கிறது.

எது யாருக்கு?

முதலில், விண்டோஸின் மீடியா பிளேயர், ஆப்பிளின் ஐட்யூன்ஸ், அதன் வாரிசான மியூசிக் போன்றவை. இவை கம்ப்யூட்டரோடு வருபவை, அல்லது சும்மா கிடைப்பவை, வேகமானவை. கீறலே இல்லாத தட்டில் இவை எடுப்பதும் ஈ.ஏ.சி. எடுப்பதும் பெரும்பாலும் ஒரே இசைதான். ஒன்றைவிட மற்றொன்றில் வயலின் இனிமையாகக் கேட்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. எண்கள் ஒன்றானால் ஒலியும் ஒன்றே. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஐட்யூன்ஸில் பிழைத் திருத்தம் என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டாலும், எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று பாட்டுவாரியான அறிக்கை கிடைக்காது.

ஈ.ஏ.சி. விண்டோஸில் ஓடுவது. சொந்த உபயோகத்துக்கு இலவசம். அக்யூரேட்ரிப் சோதனையும் உண்டு. ஆனால் முதல் தடவை டிரைவைச் சோதித்து, நகர்வு அளவைப் பதித்து, பல தேர்வுகளைச் சரியாக அமைக்க வேண்டும். பொறுமைசாலிகளின் சாஃப்ட்வேர் இது. மோசமான தட்டு ஒன்று மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

டிபிபவர்ஆம்ப், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும்; சில நாள் இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்கலாம். முதல் வாசிப்பிலேயே அக்யூரேட்ரிப் வங்கியுடன் ஒத்துப்போனால், மறுபடி படித்து நேரத்தை வீணாக்குவதில்லை. ஒத்துப்போகாத பாட்டுக்கு மட்டும் தீவிர விசாரணை. நூற்றுக்கணக்கில் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இது கொடுத்த காசுக்குப் பழுதில்லை. கியூடூல்ஸின் கூட்டாளியான கியூரிப்பர், விண்டோஸில் இதே வேலையை அதிக அமைப்பு வேலை இல்லாமல், செலவும் இல்லாமல் செய்யப் பார்க்கிறது. மேக் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்.எல்.டி. என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. அதன் அறிக்கை ஈ.ஏ.சி. அறிக்கைக்குச் சளைத்ததல்ல. லினக்ஸில், சிடிபாரனாய்யாவின் வழிவந்த நிரலைப் பயன்படுத்தும் விப்பர். கட்டளை வரிகளைத் தட்டச்சு செய்யத் தயங்காதவர்களுக்கு மட்டும்.

இந்த ஐந்தில் எதை எடுத்தாலும் பாதகமில்லை. ஐந்துக்கும் பொதுவானது, வேலை முடிந்ததும் தரும் அறிக்கை.

சாட்சி இல்லாத தட்டுகள்

இந்திய வீடுகளில் இருக்கும் பெட்டிகளுக்கு வரும்போது கதை சற்று மாறுகிறது. உலகெங்கும் லட்சக்கணக்கில் விற்ற ஆங்கில ஆல்பத்துக்கு அக்யூரேட்ரிப்பில் சாட்சிகள் நிறைய. ஒரு சிறு கம்பெனி குறைவான பிரதிகள் மட்டும் போட்ட கச்சேரித் தட்டுக்கு ஒரு சாட்சியும் இல்லாமல் போகலாம். ‘தகவல் வங்கியில் இல்லை’ என்ற பதில் வந்தால் பிரதி தவறு என்று அர்த்தமில்லை; கேட்பதற்கு ஆளில்லை என்றுதான் அர்த்தம். ஒரே ஆல்பம் வெவ்வேறு சமயங்களில் அச்சாகியிருந்தாலும் எண்கள் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

அங்கே சாட்சியை நாமே உண்டாக்க வேண்டும். அதே தட்டை, வேறு கம்பெனியின் இன்னொரு டிரைவில் மறுபடி எடுத்து இரண்டு சோதனை எண்களையும் ஒப்பிடுவதுதான் வழி. நண்பரின் பழைய கம்ப்யூட்டர் போதும். ஒத்துப்போனால் அனேகமாகக் கவலையில்லை. முடிவைத் தகவல் வங்கிக்கும் அனுப்பி வைத்தால், அதே தட்டை நாளை எடுக்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கு அது முதல் சாட்சி.

காலம் கடத்துவதற்கும் இடமில்லை. தட்டில் தகவலைப் பிரதிபலிக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சு, எழுத்து அச்சிட்ட மேல்பக்கத்தில், ஒரு வார்னிஷ் படலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பவர்கள் மேல்பக்கத்தில் பேனாவால் பெயர் எழுதுகிறார்கள். அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். மேல்பக்கக் கீறலுக்கு வைத்தியம் இல்லை. பிரிட்டனில் பிளாக்பர்ன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அச்சான பல தட்டுகள், உறைக் காகிதத்தின் கந்தகம் பூச்சைத் தாக்கியதில் வெண்கல நிறமாக மாறி வீணாயின. வீட்டில் எழுதிய சி.டி.க்களின் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் பாட்டைத் தாங்குவது சாயம்தான். வெயிலும் வெப்பமும் அதற்கு ஆகாது. கல்யாண நாதஸ்வரமும் தாத்தாவின் குரலும் பெரும்பாலும் இந்தச் சாயத்தட்டுகளில்தான் இருக்கின்றன. அவற்றை முதலில் எடுப்பது நல்லது.

கம்பெனிகளின் பூட்டு

பாட்டுக் கம்பெனிகளுக்கு இந்த வேலை ஒருபோதும் பிடித்ததில்லை. 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் சில தட்டுகளில் வேண்டுமென்றே பிழைகளைப் புதைத்து விற்றார்கள். பிளேயரில் பாடும், கம்ப்யூட்டரில் திணறும். 2005ல் சோனி பி.எம்.ஜி. ஒரு படி மேலே போனது. அதன் தட்டுகள், வாங்கியவரின் கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாத நிரல் ஒன்றைப் புகுத்துவதை மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் அம்பலப்படுத்தினார். வழக்குகள் வந்தன, தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பதை 2014 அக்டோபரில் அனுமதித்தார்கள். மறு ஆண்டே உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. இந்தியாவின் 1957ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், 2012 திருத்தத்துக்குப் பிறகு, தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 52ம் பிரிவில் விதிவிலக்காகச் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கிய தட்டைத் தன் காதுக்காகப் பிரதி எடுப்பது ஒன்று. அதை ஊருக்கெல்லாம் விநியோகிப்பது வேறு. இரண்டாவதற்கு அந்தப் பிரிவில் அடைக்கலம் தேட முடியாது.

கவனிக்க வேண்டியவை

தட்டைத் துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பாட்டின் பாதையிலேயே ஓடும். பிரதியை எம்.பி.3 ஆக வைத்தால் இடம் மிச்சம், ஆனால் இசையில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும். ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001ல் முதல் முழுப் பதிப்பு வந்த ஃப்ளாக் வடிவம், ஒரு எண்ணையும் இழக்காமல் ஃபைலைச் சுமார் பாதியளவுக்குச் சுருக்குகிறது. நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் என்பது ஒரு காலத்தில் பயமுறுத்திய அளவு. இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அது பொரி உருண்டை.

1980களில் அச்சான சில தட்டுகளில், குறிப்பாக ஜப்பானில் தயாரானவற்றில், உயர் ஸ்தாயி ஒலிகளைத் தூக்கிப் பதித்து, பிளேயர் அதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும்படி ஒரு குறிப்பு வைத்திருப்பார்கள். சாஃப்ட்வேர் அந்தக் குறிப்பைக் கவனிக்காவிட்டால் எண்கள் அத்தனையும் சரியாக இருந்தும் பாட்டு தகரம்போல் கேட்கும். பழைய தட்டு வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்று ஒலித்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

கடைசியாக, பாட்டு ஃபைல்களோடு அந்த அறிக்கையையும் அதே ஃபோல்டரில் சேமிக்க வேண்டும். பலர் அதைக் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். எந்த டிரைவ், எந்த நாள், எந்தப் பாட்டுக்கு என்ன சோதனை எண், எங்கே சந்தேகம் என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. பத்து வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது, பாட்டு அப்படியே இருக்கிறதா என்று பார்க்க அது ஆதாரமாக இருக்கும். அறிக்கையில் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும்வரை தட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் இருப்பது உத்தமம்.